கன்னியம்மா கேட்டது சரி

பேரூராட்சியில் இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். தெரு வியாபாரிகளுக்கு அடையாள அட்டை கொடுக்கிறார்களாம். செல்போனில் படம் எடுத்து, உட்காருகிற இடத்தையும் அதிலேயே குறித்துவிடுகிறார்களாம். "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி மேடம் எடுத்தீங்க?" என்று கேட்டார்கள். கயிறும் சுண்ணாம்பும் வைத்து எடுத்தோம் என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்து, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பேரூராட்சி. பெயர் வேண்டாம், அங்கே என்னோடு இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அப்பா அங்கே துப்புரவு மேஸ்திரி. பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் எனக்குத் தட்டச்சர் வேலை கிடைத்தது. அம்மா, படிக்கிற இரண்டு தம்பிகள், சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகை வீடு எல்லாம் அந்த ஒரு உத்தரவின் மேல்தான் நின்றது. காலையில் ஒரகடம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணிக்குள் அலுவலகம். இப்போது கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கும் அந்த வழியெல்லாம் அன்றைக்கு வேர்க்கடலைக் கொல்லை. முதல் மூன்று வருடத்தில் தபால் பிரிக்கக் கற்றேன், பிறப்பு இறப்புப் பதியக் கற்றேன், வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்குச் சரியாக வரவில்லை. "உன் வாய்க்கு கவர்மெண்டு உத்தியோகம் கெடச்சதே பெருசு" என்பாள் அம்மா.

எங்கள் செயல் அலுவலரை எல்லோரும் ஈ.ஓ. ஐயா என்போம். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. குப்பை அள்ளுகிறவரைக்கூட "வாங்க, உக்காருங்க" என்பார். ஆனால் எதற்கும் வாயால் ஆமாம், இல்லை என்று சொல்லிவிட மாட்டார். தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் வந்து மேசையைத் தட்டிக் கத்தினாலும், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுதிக் குடுங்க" என்பார். எழுதிக் கொடுத்தால் தாளை வாங்கி, இடது பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, மடிப்பை நகத்தால் நீவிவிட்டு, அதன் பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். படிப்பதிலும் ஒரு வழக்கம் இருந்தது. கடைசி வரியிலிருந்து மேலே போவார். "மேல எல்லாரும் மரியாதையாத்தான் எழுதுவாங்க. என்ன வேணும்ங்கறது கடைசியிலதான் இருக்கும்" என்பார். தான் வாயால் சொல்லி அடிக்கச் சொன்ன வாசகத்தைத் திருப்பிப் படிக்கவே மாட்டார். சொன்னது தான்தானே, அதில் என்ன பிழை வரப் போகிறது என்ற நினைப்பு. கீழே எண்ணிக்கை, தேதி, தன் பதவிப் பெயர் மூன்றும் சரியா என்று பார்ப்பார். கையெழுத்து விழும். முத்திரையைத் தானே குத்துவார், யாரிடமும் கொடுக்க மாட்டார். எனக்கு அவரிடம் பயமும் இருந்தது, மரியாதையும் இருந்தது. அவரைக் கெட்டவர் என்று எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை.

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதைப் பற்றி எழுத நான் யார்? அதற்குப் பிறகு எங்கள் சாலை பழைய சாலையாக இல்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். பெரிய மனிதர்கள் அடிக்கடி அந்த வழியாகப் போனார்கள். வருகிறார்கள் என்று செய்தி கிடைத்ததும் போலீஸ் வரும், சவுக்குக் கம்பு நடும், பஸ் நிறுத்தத்துக்கு இரண்டு பக்கமும் தரையில் கடை போட்டவர்களை விரட்டும். அவர்கள் சாக்கோடு சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள். தக்காளி தார் ரோட்டில் நசுங்கிக் கிடக்கும். ஒரு தடவை கொய்யாப்பழக்காரி ஒருத்திக்கு மணிக்கட்டு உடைந்தது. அந்த நாளில் யாரைக் குற்றம் சொல்வது? கூடைக்குள் என்ன இருக்கிறதோ என்று போலீசுக்குப் பயம். லத்தி எங்கே விழுமோ என்று கூடைக்காரிக்குப் பயம்.

மழைக் காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், இன்னொரு பெரியவர் வருகிறார் என்று தாலுக்கா அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. ஐந்து நாள் இருந்தது. ஈ.ஓ. ஐயா என்னையும் பில் கலெக்டர் துரையையும் கூப்பிட்டார். துரை என் அப்பாவோடு வேலை பார்த்தவர். தரைக்கடைகளில் தினமும் இட வாடகையாக அடிக்காசு வாங்கப் போகிறவர் என்பதால் ஒவ்வொருவர் பெயரும் வீடும் அவருக்கு அத்துப்படி.

"இந்தத் தடவ அடிதடி வேணாம்," என்றார் ஈ.ஓ. "யார் யார் எங்க உக்காருறாங்கன்னு அளந்து நம்பர் போடுங்க. ஒரு பட்டியல் எடுங்க. ரெண்டு நாள் எடத்த விட்டுக் குடுக்கட்டும். மூணாம் நாள் அவங்கவங்க நம்பர்ல வந்து உக்காரட்டும். கைநாட்டு வாங்கிடுங்க."

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. விரட்டுகிறபோது மட்டும் கணக்கில் வந்த அந்த ஜனங்களின் பெயர் முதல் தடவையாக ஒரு தாளில் ஏறப் போகிறது என்று நினைத்தேன்.

"தலைப்பு என்ன போடட்டும் ஐயா?"

"மேல ரெண்டு இஞ்ச் விட்டுடுங்க. தாலுக்கால என்ன வாசகம் கேக்கறாங்களோ, அப்புறம் போட்டுக்கலாம்."

அலுவலகத்தில் இது புதிதில்லை. தலைப்பு விட்டு அடித்த தாள் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கிறது. ஒரு நிமிடம் யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

தரைக்கடைக்காரர்களுக்குள் ஒரு முறை உண்டு. அவரவர் இடத்தில் ஒரு கல்லை விட்டுவிட்டுப் போவார்கள். செங்கல், உடைந்த அம்மி, எதுவாகவும் இருக்கலாம். பத்து நாள் காய்ச்சலில் படுத்தாலும் அந்தக் கல் இருக்கும் இடத்தில் இன்னொருவர் கூடையை இறக்க மாட்டார். கல்லை நகர்த்தினவரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் சட்டத்தைவிட அது ஒழுங்காகவே நடந்தது. நாங்களும் அந்தக் கற்களை வைத்துத்தான் அளந்தோம். ஆறடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை நான் பிடிப்பேன். துரை விளக்குமாற்றுக் குச்சியைச் சுண்ணாம்பில் தோய்த்துத் தார் ஓரத்தில் எண் எழுதுவார். முப்பத்தொரு இடம் வந்தது. அன்று மாலையே பெயர், தொழில், இடத்தின் அடையாளம் எல்லாம் வரிசையாக ஒரே நீளத் தாளில் தட்டச்சு செய்தேன். மேலே இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டேன்.

மறுநாள் காலை மைப்பெட்டியோடு போனோம். எண் ஒன்று ஷெரீப் பாயின் சர்பத் வண்டி. வயதானவர். அவர் சொன்னால் அந்த வரிசையில் எல்லோரும் கேட்பார்கள்.

"ரெண்டு நாள்னா ரெண்டு நாள்தானேம்மா?"

"ரெண்டே நாள்தான் பாய். நான் சொல்றேன்."

"நீ நம்ம மேஸ்திரி பொண்ணு. உன் வார்த்தைக்குப் போடுறேன்," என்று சொல்லி உருதுவில் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு மளமளவென்று விழுந்தது. பூக்காரி வைத்தாள், வேர்க்கடலைக்காரர் வைத்தார், மணிக்கட்டு உடைந்த கொய்யாப்பழக்காரி இடது கையால் வைத்தாள். எனக்குத் தலையில் கிரீடம் ஏறிக்கொண்டிருந்தது.

எண் பதினேழு கன்னியம்மா. செம்பரம்பாக்கம் ஏரி மீன் விற்கிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும், புருஷன் இல்லை. விரால் உயிரோடு இருந்தால்தான் வாங்குவார்கள்; அதற்குக் குண்டானில் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வரிசை முழுக்க ஒரே ஒரு தெருக்குழாய்தான். அதை ஒட்டிய இடம் அவளுடையது. மீன் அறுக்கும் பட்டைக்கல்தான் அவள் அடையாளக் கல். அந்த இடம் இல்லை என்றால் அவளுக்கு அந்தத் தொழிலே இல்லை.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. மேலே வெறுமையாக இருப்பது மட்டும் தெரிந்துவிட்டது.

"இங்க இன்னா எழுதாம கீது?"

"தலைப்பு. அப்புறம் போடுவோம்."

"அப்புறம்னா எப்போ?"

"ஆபீசுல போய். அதெல்லாம் உனக்கு எதுக்கு? ரெண்டு நாள் எடம் விடணும், மூணாம் நாள் வந்து உக்காந்துக்கலாம். அவ்ளோதான்."

"அவ்ளோதானே? அத்த அங்க எழுதிக்கினு வா. வெக்கிறேன்."

ஷெரீப் பாய் அங்கிருந்தே, "வெச்சுடு கன்னியம்மா, நம்ம பொண்ணுதான்" என்று குரல் கொடுத்தார். அவள் திரும்பவில்லை.

"எங்க வூட்டுக்காரன் செத்தப்போ மச்சாண்டாரு இந்த மாரிதான் ஒரு தாளு எட்துகினு வந்தாரு. மேல வெத்தா இருந்துச்சு. இன்னாத்துக்குன்னு கேட்டதுக்கு, அப்புறம் எழுதிக்கலாம், வையின்னாரு. வெச்சேன். குந்தியிருந்த மனை பூட்ச்சு. ஒரு தபா வெச்சவ நானு. இன்னொரு தபா வெக்க மாட்டேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பதினாறு பேர் என் வார்த்தையை நம்பி வைத்திருக்கிறார்கள். இவள் எல்லோர் முன்னாலும் என்னையும் அவள் புருஷனின் அண்ணனையும் ஒரே தராசில் நிறுத்துகிறாள். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது.

"எடம் வேணும்னா வை. இல்லாட்டிப் போ."

"எடம் என்னுது. கல்லு கீது பாரு."

"விடும்மா, மத்தவங்கள முடிச்சுட்டுக் கடைசியா வந்து கேட்டுக்கலாம்," என்றார் துரை. நான் கேட்கவில்லை. பதினேழுக்கு நேரே ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தேன். அடித்தல் திருத்தம் என்று பக்கத்தில் என் சுருக்கொப்பமும் வைத்தேன். கடைசியில் மொத்தம் முப்பது பேர் என்று எழுதி முடித்தேன். எந்தத் தாளையும் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்தவள் என்று எனக்குப் பெருமை உண்டு. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழை அந்தச் சிவப்புக் கோடு.

வருகைக்கு முதல் நாள் மதியம் ஈ.ஓ. ஐயா கூப்பிட்டார். பட்டியல் அவர் மேசையில் இருந்தது.

"தலைப்பு சொல்றேன், எழுதிக்குங்க. நெடுஞ்சாலை ஆக்கிரமிப்பாளர்களில், தாமாகவே முன்வந்து, இடத்தை நிரந்தரமாகக் காலி செய்யச் சம்மதித்த நபர்களின் பட்டியல்."

என் பேனா 'நிரந்தரமாக' என்ற இடத்தில் நின்றுவிட்டது.

"ஐயா, ரெண்டு நாள்னு சொல்லித்தான் வாங்கினேன்."

"நீங்க சொன்னீங்க. தாள்ல அது இல்லையே."

"நீங்கதானே ஐயா சொன்னீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேலருந்து நெருக்கறாங்கம்மா. ஒவ்வொரு தடவையும் வெரட்டறதும், மறுநாள் வந்து உக்காருறதும் எத்தனை நாளைக்கு? சம்மதம்னு ஒரு தாள் இருந்தா போலீஸ் தடி எடுக்காது, கேசும் நிக்காது. யாரும் அடி வாங்கக் கூடாதுன்னுதான் இதையே யோசிச்சேன். அடிச்சுக் கொண்டாங்க. நாலு மணிக்கு ஜீப் வருது."

அவர் பொய் சொல்லவில்லை. அடி விழக்கூடாது என்று அவர் நினைத்தது உண்மைதான். அந்த முப்பது பேர் நாளைக்கு எதைத் தின்பார்கள் என்பது மட்டும் அவர் யோசனையில் இல்லை.

தட்டச்சு எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். கைநாட்டு மை கலைந்துவிடாமல் தாளை உருளையில் ஏற்றினேன். முப்பது பேரின் ஒப்பங்களும் எந்திரத்துக்குப் பின்னால் மடிந்து தொங்கின. நகல் கிடையாது, இந்த ஒரே தாள்தான். ஒரு எழுத்து விழுந்தால் விழுந்ததுதான். துரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடிக்கப் போவது அலுவலகத்தில் எப்படிப்பட்ட குற்றம் என்று எனக்குத் தெரியும். மேலதிகாரி சொன்ன வாசகத்தை மாற்றுகிறவளுக்குக் கருணை அடிப்படை இன்னொரு தடவை கிடைக்காது. பெரிய தம்பி அப்போது பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கடிகாரம் மூன்று நாற்பது காட்டியது.

ஷெரீப் பாயின் உருதுக் கையெழுத்து என் கண்ணுக்குள்ளேயே நின்றது. உன் வார்த்தைக்குப் போடுறேன் என்றாரே.

அடித்தேன். 'முக்கியப் பிரமுகர் வருகையை முன்னிட்டு, இரண்டு நாட்களுக்கு மட்டும் இடத்தை விட்டுக்கொடுத்து, மூன்றாம் நாள் முதல் அதே இடத்தில் வியாபாரம் தொடர இருக்கும் தரைக்கடை வியாபாரிகளின் பட்டியல்.' தாளை உருவி எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் மடித்தார். நகத்தால் நீவினார். கீழிருந்து படித்தார். மொத்தம் முப்பது, தேதி, செயல் அலுவலர். பேனா மூடியைத் திறந்தார். பதினேழாவது வரியில் சிவப்புக் கோட்டைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"கைநாட்டு மறுத்துட்டாங்க ஐயா."

"சுருக்கொப்பம் இருக்கா? சரி." இன்னும் மேலே போயிருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும். போகவில்லை. கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், உறையில் போட்டு ஒட்டினார். ஜீப் வந்து வாங்கிக்கொண்டு போனது.

வருகை நாளில் ஒரு லத்திகூட உயரவில்லை. எல்லோரும் முதல் நாளே போய்விட்டார்கள். பேரூராட்சி டிராக்டர் வந்து அடையாளக் கற்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்க் குப்பைக் கிடங்கில் கொட்டியது. கன்னியம்மாவின் பட்டைக்கல்லை மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்களாம். சுண்ணாம்பு எண்கள் மட்டும் தார் ஓரத்தில் இருந்தன.

மூன்றாம் நாள் பட்டியல் தாலுக்கா முத்திரையோடு திரும்பி வந்தது. ஈ.ஓ. கையெழுத்தும் முத்திரையும் இருந்ததால் அங்கே மறுகேள்வி கேட்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் உள்ளவர்களைத் தடுக்க வேண்டாம் என்று போலீஸ் நிலையத்துக்கும் ஒரு குறிப்புப் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் கையில் தாளோடு நின்று, எண் எண்ணாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார் என்று துரை வந்து சொன்னார். அந்த ஊரில் போலீசே ஆளைக் கூப்பிட்டுத் தரையில் கடை போடச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஈ.ஓ. ஐயா என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கு மட்டும் உட்காரச் சொல்லவில்லை.

"நான் சொன்ன வாசகம் இது இல்லையே."

"இல்லைங்க ஐயா."

"நீங்க அடிச்சதா?"

"ஆமாங்க ஐயா."

"என் கையெழுத்து கீழ இருக்கு," என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? தாளை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "போய் வேலையப் பாருங்க" என்றார். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆக்கிரமிப்பு எச்சரிக்கைப் பலகை ஒன்று வைக்கும்படி தாலுக்காவில் முன்பே சொல்லியிருந்தார்கள். பலகை தயாராக இருந்தது. எங்கே நடுவது? இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆறடிக்கும் பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. பெயர் இல்லாத ஆறடி ஒன்றே ஒன்றுதான். தெருக்குழாய் பக்கத்தில் பதினேழாம் எண் மேல் குழி தோண்டி, சிமெண்டு போட்டுப் பலகையை நட்டார்கள். இங்கே கடை வைப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று சிவப்பு எழுத்து.

அன்று பிற்பகலே கன்னியம்மா குண்டானோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். நான் நேரே ஈ.ஓ. அறைக்குப் போனேன். விடுபட்ட ஒரு பெயரைத் துணைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், தப்பு என்னுடையது, கோபத்தில் அடித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சேக்கலாம். தாராளமா எழுதிக் குடுங்க. ஆனா துணைப் பட்டியல் அனுப்பணும்னா மூலப் பட்டியலையும் கூட வெச்சு அனுப்பணும். இந்த தடவ நான் மேலிருந்து படிச்சுத்தான் அனுப்புவேன். படிச்சா, தலைப்பு தப்புன்னு திருத்தம் போட்டே ஆகணும். போடட்டுமா?"

குரலில் கோபமே இல்லை. ஒருத்தியைச் சேர்த்தால் முப்பது பேரும் போவார்கள் என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். ஜன்னல் வழியாக அவள் குண்டானுக்கு மேலே ஈரச் சாக்கை இழுத்து மூடுவது தெரிந்தது.

"வேணாங்க ஐயா," என்றேன்.

வெளியே வந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. தலைப்பில் என்ன போடச் சொன்னார்கள், நான் என்ன போட்டேன், அவள் பெயரை ஏன் அடித்தேன், இப்போது சேர்த்தால் என்ன ஆகும், எல்லாம் சொன்னேன். என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்போ அந்த வெத்து எடத்துல, எடத்த வுட்டுட்டுப் போறோம்னுதான் எழுத இருந்தாங்களா?"

"ஆமாம்."

"நான் கேட்டது சரிதானா?"

"சரிதாங்க," என்றேன். அதுவரை அவளை நீ, வா, போ என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

"அத்த எழுதிக் குடு."

"எதை?"

"கன்னியம்மா கேட்டது சரின்னு. எனக்கு எடம் வேணாம், வுடு. திமிரு புட்சுப் போயி எடத்தக் கெட்துகினான்னு பாய்லேர்ந்து எங்க சனம் வரிக்கும் பேசிக்கினு கீறாங்க. எம்பொண்ணே கேக்குறா, எல்லாரும் வெச்சாங்களே உனக்கு இன்னான்னு. அவங்களாண்ட காட்டணும். உன் கையெழுத்து போட்டு ஒரு வரி எழுதிக் குடு, போதும்."

என் கையில் பேனா இருந்தது. மேசையில் தாள் இருந்தது. எழுதினால் அது நாலு பேர் கைக்குப் போகும். தலைப்பு மாறிய கதை வெளியே வரும். முப்பது பேருக்காகப் பயந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதி என் வேலைக்காக.

"நாளைக்கு எழுதித் தர்றேங்க," என்றேன்.

"அப்புறம்னு சொல்லு," என்றாள். சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்து, குண்டானைத் தானே தூக்கி ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் அவள் வரவில்லை. நானும் எழுதி வைத்திருக்கவில்லை.

அதன் பிறகு ஊர் ஊராகத் தலைச்சுமையாக விற்றாள். ஒரகடம் சாலையில் பஸ்ஸில் போகும்போது இரண்டு தடவை பார்த்தேன். விரால் இல்லை, நடக்கிற தூரத்துக்கு அது தாங்காது. செத்த கெண்டைதான் கூடையில் இருந்திருக்கும். ஜன்னலிலிருந்து முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன், இறங்கவில்லை. அடுத்த வருடம் துரையிடம் கேட்டேன். மகளோடு எங்கோ போய்விட்டாள், விசாரிக்கட்டுமா என்றார். வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

அவள் கேட்டது ஒரு வரி. இப்போது முழுதாக எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். கொண்டுபோய்க் கொடுக்க அவள் எங்கே இருக்கிறாள் என்றுதான் தெரியவில்லை.